மூக்கை அளந்தார்கள், கூலியை அளந்தார்களா?

சர்வகலாசாலை மேடைகளில் இப்போது இரண்டு சொற்கள் பலமாக அடிபடுகின்றன. ஒன்று, 'காலனிய நீக்கம்'. மற்றொன்று, 'பெண்ணியப் பார்வை'. மானிடவியல் என்னும் படிப்பை இனி இந்த இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். அதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதிச் சரக்கு என்கிறார்கள் மற்றொரு சாரார்.

இதில் நமக்கென்ன ஜோலி? ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற தோழருக்கும், வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிக்கு மருந்து செலுத்துகிற சகோதரிக்கும், கண்மாய்த் தண்ணீரை நம்பிக் களையெடுக்கப் போகிறவர்களுக்கும் இதனால் காலணா லாபம் உண்டா என்று கேட்கலாம். உண்டு என்பதே நமது பதில். பஞ்சாலைக்குப் பஞ்சு எப்படியோ, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி எப்படியோ, அப்படி இந்தப் படிப்புக்குக் கச்சாப்பொருள் நாம்தான். நம்மை வைத்துத்தான் அந்த ஆலை ஓடுகிறது. அதில் உற்பத்தியாகும் சரக்கு யார் கைக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

மானிடவியல் என்றால் என்ன? மனிதக் கூட்டங்கள் எப்படி வாழ்கின்றன, யாரை யார் கட்டிக்கொள்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், சொத்து யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் ஊருக்குள் வந்து தங்கி, கேட்டு, எழுதி ஆராய்கிற சாஸ்திரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வளர்ந்த வீடு எது என்று பார்க்க வேண்டும்.

செத்த காலேஜின் இடுக்கி

சென்னை எழும்பூர் மியூசியத்தை அந்த ஊர் ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். 1885 முதல் 1908 வரை அதன் சூப்பரிண்டெண்டாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற துரை. அவருடைய பிரதான ஆயுதம் ஓர் இடுக்கி. மூக்கின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மண்டை உருண்டையா நீளமா என்று ஊர் ஊராகப் போய் மனிதர்களை அளந்தார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. போலீஸ் அதிகாரிகளுக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். 1909இல் ரங்காச்சாரி என்பவரின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் சாதிச் சங்கத்துக்காரர்கள் முதல் ஆராய்ச்சி மாணவர்கள் வரை அதைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் துரையே ஒரு வேடிக்கை சொல்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருப்படியாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு, இது தூக்குமரம், நான் மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். துரைக்கு இது சிரிப்புக் கதை.

நமக்கு இது சிரிப்பாக இல்லை. காட்டில் திரிந்த மிருகங்களையும் பறவைகளையும் பஞ்சடைத்து அலமாரியில் அடுக்குகிற இடத்திலிருந்து ஒருவன் வருகிறான். வந்து, 'உன் முகத்தைக் காட்டு, அளக்க வேண்டும்' என்கிறான். ஓடிய பெண்கள் மூடர்களா? ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அந்த சாஸ்திரத்தின் சாரத்தைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். அந்த இருளரின் பயமும் வீண் பயமல்ல. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம், ரேகை வைத்துவிட்டு ராத்திரி ஸ்டேஷனில் படு என்றது அது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

தர்ஸ்டன் துப்பாக்கி பிடித்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தையே 'பிறவிக் குற்றவாளி' என்று கூண்டில் ஏற்ற சர்க்காருக்கு ஒரு சாஸ்திரத்தின் சாட்சி வேண்டியிருந்தது. மூக்கு அகலமானால் சாதி தாழ்ந்தது, மூக்கு கூரானால் சாதி உயர்ந்தது என்று வங்காளத்திலிருந்து ஒரு விதி வகுத்துக் கொடுத்தார் ரிஸ்லி என்ற மற்றொரு துரை. 1901 ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கே அவர்தான் கமிஷனர். நம்மை எண்ணிய கை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சீமையும் தப்பவில்லை. 1849இல் கால்டுவெல் பாதிரியார் திருநெல்வேலிச் சீமையில் பனையேறிப் பிழைத்த மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்கள் மந்த புத்திக்காரர்கள் என்ற தோரணையில் அதில் எழுதியிருந்ததைக் கண்டு, அந்தச் சமூகத்தில் பின்னால் படித்து வந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியதற்காக அவருக்கு நன்றி சொல்கிறோம். இதற்குச் சொல்ல முடியாது.) அதே சமூகத்திலிருந்து இருவர் 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். மந்த புத்தி எங்கே போயிற்று? இன்று அந்தத் தொழிலில் கோடி கண்டவரும் உண்டு. அதே சாதியில் பிறந்து அவரிடமே குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவரும் உண்டு. சாதிப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இருவரும் ஒரே பக்கத்தில் தெரிவார்கள். சம்பளப் பட்டியலைக் கையில் எடுத்தால்தான் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

இருபத்தைந்து வயது மாணவன்

அடிமை நாட்டிலிருந்து போன ஒருவர் அந்த சாஸ்திரத்தின் கோட்டைக்குள்ளேயே நின்று பேசிய கதையும் உண்டு. 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் கோல்டன்வைசர் என்பவர் நடத்திய மானிடவியல் வகுப்பில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர்தான் அம்பேத்கர்.

என்ன சொன்னார்? நிறத்துக்கு ஐரோப்பியப் பண்டிதர்கள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சாதியின் உயிர்நாடி தன் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது; அதைக் கட்டிக்காக்கப் பெண்ணைக் கட்டி வைத்தார்கள் என்று விளக்கினார். புருஷன் செத்தால் பெண்ணை உடன்கட்டை ஏற்று, அல்லது தாலியறுத்து மூலையில் உட்கார வை, விவரம் தெரியுமுன்னே சிறுமிக்குக் கல்யாணம் செய்து வை. இந்த மூன்று கொடுமையும் வழிதவறி வந்த வழக்கங்கள் அல்ல, சாதி என்ற கதவின் தாழ்ப்பாள்கள் என்று காட்டினார். மூக்கை அளந்தவர்கள் யாருக்கும் தெரியாத விஷயம் இது. காலனிய நீக்கம், பெண்ணியப் பார்வை என்று இன்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்களே, அந்தக் கட்டுரையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அதோடும் அவர் விடவில்லை. 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் அந்த மூக்களவுப் பட்டியல்களையே எடுத்துப் போட்டார். பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதற்கு இதில் ஆதாரம் எங்கே, இரண்டு மூக்கும் ஒரே மூக்காக அல்லவா இருக்கிறது என்று கேட்டார். துரையின் இடுக்கியை வாங்கித் துரையின் கொள்கையையே நசுக்கினார்! மேல்நாட்டுக் கல்வியே வேண்டாம், எண்ணும் கணக்கும் வேண்டாம் என்று சில நண்பர்கள் பேசுகிறார்களே, அவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். கருவியின் மேல் கோபம் எதற்கு? அது யார் கையில், யார் பேரில் நடக்கிறது என்பதே கேள்வி.

ஊரில் பாதி எங்கே?

மாலினோவ்ஸ்கி என்றொரு மேதை. முதல் உலக யுத்தத்தின்போது பசிபிக் கடலில் டிரோப்ரியாண்டு தீவில் ஆண்டுக் கணக்கில் தங்கி, அவர்கள் பாஷையிலேயே பேசி, 1922இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அந்தத் தீவின் ஆண்கள் படகேறிப் போய்ச் சங்கு வளைகளும் மாலைகளும் மாற்றிக்கொள்வதை வர்ணித்தார். உலகமே மெச்சியது. ஐம்பது வருஷம் கழித்து அனெட் வைனர் என்ற பெண்மணி அதே தீவுக்குப் போனார். போனவருக்கு ஆச்சரியம்! ஒரு சாவு விழுந்தால் அந்த ஊர்ப் பெண்கள் வாழையிலைக் கட்டுகளையும் நார்ப் பாவாடைகளையும் ஆயிரக்கணக்கில் குவித்து, எண்ணி, உறவு பார்த்துப் பங்கு வைக்கிறார்கள். அது அவர்களுடைய செல்வம், அவர்களுடைய அதிகாரம். 1976இல் இதைப் புத்தகமாக எழுதினார். மேதைக்கு ஏன் இது பெரிதாகப் படவில்லை? பெண்கள் செய்வது பொருளாதாரம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கண் எதிரே நடந்தது கணக்கில் ஏறவில்லை.

பசிபிக் தீவு எதற்கு? திருத்தங்கல், சாத்தூர் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டை மடித்து ஒட்டுகிறாள் ஒரு தாய். அடுப்பில் உலை கொதிக்கிறது, மடியில் பிள்ளை. 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று படிவம் வைத்திருப்பவர் கேட்டால், திண்ணையில் இருக்கும் ஆண்பிள்ளை பதில் சொல்கிறான்: 'வீட்லதான் சும்மா இருக்கா.' சும்மா! சர்க்காரே 2019இல் எடுத்த நேரக் கணக்கைப் பார்ப்போம். கூலியில்லாத வீட்டு வேலையில் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிஷம். ஐந்து மணி நேரம்! மில்லில் ஒரு ஷிப்டில் பாதிக்கு மேல். இந்தப் பாதி ஷிப்டுக்குக் கூலி போட்டால் எந்த முதலாளியின் லாபக் கணக்கு நிமிர்ந்து நிற்கும்? நம் தோழர்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு வேறாக இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வந்து 'சோறு ஆச்சா?' என்று கேட்கிற தோழரும் இதைப் படிக்கட்டும்.

1980களில் சிவகாசிக்கு ஆராய்ச்சியாளர்கள் படையெடுத்து வந்தார்கள். மருந்து படிந்த பிஞ்சு விரல்கள் பத்திரிகைகளில் படமாயின. 1983இல் ஸ்மித்து கோத்தாரி எழுதியது போன்ற நல்ல கட்டுரைகளும் வந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது நல்லதுதான், அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் வந்தவர்களில் பலர் தாயைப் பார்த்து, 'பிள்ளையை ஏன் அனுப்பினாய்?' என்று கேட்டார்கள். முதலாளியைப் பார்த்து, 'இவள் புருஷனுக்கும் இவளுக்கும் நீ கொடுக்கும் கூலியில் இந்தப் பிள்ளை சாப்பிட முடியுமா?' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தாய் குற்றவாளி ஆனாள், முதலாளி பேட்டி கொடுத்தார்.

இன்றும் படிவத்தோடு வருகிற மாணவிகளை நமது பெண்கள் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள்: 'ஏம்மா, போன தடவையும் ஒரு பிள்ளை வந்து எழுதிட்டுப் போச்சே, அது என்னாச்சு? எங்களுக்கு ஒரு தாள்கூட வரலையே?' நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே பிறந்த லிண்டா துஹிவாய் ஸ்மித் என்ற அறிஞர் 1999இல் எழுதிய நூலில், ஆராய்ச்சி என்ற சொல்லே தங்கள் மக்களுக்குள் கெட்ட வார்த்தையாகிவிட்டது என்கிறார். வெம்பக்கோட்டைச் சகோதரி அந்த நூலைப் படித்ததில்லை. கேள்வி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

எந்தத் திண்ணையில் உட்காருவது?

ஆராய்கிறவர் எங்கே உட்காருகிறார் என்பதைப் பொறுத்தே அவர் கண்ணில் எது படும் என்பதும். ஆந்த்ரே பெத்தேய் என்ற அறிஞர் 1961-62இல் தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்தை ஆராய்ந்தார். அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர். ஆனால் அக்கிரகாரத் திண்ணை உயரமானது. அங்கிருந்து பார்த்தால் வயலில் குனிந்து நிற்கும் பெண்ணின் முதுகு மட்டும்தான் தெரியும்.

கேத்லீன் கஃப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் தஞ்சைக்கு வந்தவர்தான். கொல்லர் மகள். 1951 முதல் 1953 வரை ஆராய்ச்சி செய்தார். பிறகு அமெரிக்காவில் பேராசிரியையானார். 1962இல் கியூபாவுக்கு ஆதரவாகப் பேசினார் என்று வேலையில் நெருக்கடி கொடுத்தார்கள். ராஜிநாமாச் செய்தார். 1968இல், மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று எழுதினார். உலகத்தில் உள்ள குக்கிராமங்களையெல்லாம் ஆராய்ந்தோம், அந்தக் கிராமங்களின் கழுத்தைப் பிடித்திருக்கும் ஏகாதிபத்தியத்தை மட்டும் ஏன் ஆராயவில்லை என்று தன் சகாக்களையே கேட்டார். கனடாவிலும் வேலை போயிற்று. ஆனாலும் 1976இல் தஞ்சைக்குத் திரும்பி வந்து விவசாயக் கூலிகளின் நிலையை மறுபடி எழுதினார்.

அந்த மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் ஹைகோர்ட்டு மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் சந்தேகப்பட்டது நீதி! மைதிலி சிவராமன் மானிடவியல் பட்டம் வாங்கியவர் அல்ல. அமெரிக்காவில் படித்து, ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பியவர். அவர் அந்தச் சேரிக்குப் போனார், உட்கார்ந்தார், கேட்டார், எழுதினார். எழுதியதோடு நில்லாமல் ஆயுள் முழுதும் மாதர் இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் நின்றார். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. காலனிய நீக்கம் என்று அவர் பேசினாரோ இல்லையோ, செய்தது அதுதான்.

திருட்டுப்போன சொல்

இப்போது மற்றொரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. டெல்லியில் ஆட்சி செய்கிறவர்களும் காலனிய நீக்கம் பேசுகிறார்கள்! 2020இல் கல்வி மந்திரி இலாகாவில் 'பாரதிய ஞான மரபு' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். 2025 நவம்பரில், மெக்காலே புகுத்திய அடிமைப் புத்தியைப் பத்து வருஷத்தில் ஒழிப்போம் என்றார் பிரதமர். நல்ல காரியம்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. சாதியே வெள்ளைக்காரன் செய்த சூழ்ச்சி, அதற்கு முன்னால் இங்கே பாலாறும் தேனாறும் ஓடியது என்கிறார்கள் இவர்களின் பண்டிதர்கள். வெள்ளைக்காரன் சாதியை எண்ணினான், அடுக்கினான், இறுக்கினான். உண்மை. ஆனால் சேரியை ஊருக்கு வெளியே வைத்தவன் யார்? விதவையின் தலையை மழித்தவன் யார்? தர்ஸ்டன் துரையா?

அந்தப் பேச்சு முடிந்த அதே வாரம், நவம்பர் 21ஆம் தேதி, 29 தொழிலாளர் சட்டங்களை ஒழித்து நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கினார்கள். 1948ஆம் வருஷத்து பாக்டரி சட்டமும் போயிற்று. மின்சாரம் வைத்து ஓட்டும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே பாக்டரி என்றது பழைய சட்டம். இனி இருபது பேர் வேண்டும். இதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பழையவை காலனிய காலத்தின் மிச்சம் என்பது! தொழிலாளி ரத்தம் சிந்தி வாங்கிய பாதுகாப்பும் இவர்களுக்குக் காலனியக் குப்பை.

பெண்ணியப் பேச்சுக்கும் அதே கதிதான். எந்த வேலையிலும் பெண் சேரலாம், சம்மதம் கொடுத்தால் ராத்திரியும் வேலை பார்க்கலாம், இது சமத்துவம் என்கிறது புதுச் சட்டம். சம்மதம்! தீபாவளிக்கு முன்பணம் வாங்கி மகளுக்குக் கல்யாணம் முடித்தவள் சம்மதிக்காமல் என்ன செய்வாள்? அந்தக் கையெழுத்தின் விலையை ஆராய ஒரு மானிடவியல் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்கிறோம். வெடி ஆபீசில் விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரே சொல்தான்: 'உராய்வு'. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ அறைகள் தரைமட்டமாயின. எதற்கும் எதற்கும் உராய்வு? பீஸ் ரேட்டுக்கும் வயிற்றுக்கும் உராய்வு. லைசென்ஸ் வைத்திருப்பவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் போட்ட பணத்தை சீசனுக்குள் எடுக்கத் துடிக்கிறார். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பேர். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த அறையில் கை பதறுகிறது என்பது திரி வைக்கிற பெண்ணுக்குத் தெரியும். அந்த அறிவை எழுதிவைத்த தீசிஸ் எங்கே?

பட்டாசுத் தொழிலாளியின் மகள் சென்னை சர்வகலாசாலையில் 1945 முதல் இருக்கிற மானிடவியல் துறைக்குப் போக வேண்டும். போய், நம் குலசாமியை மட்டும் ஆராய்ந்தால் போதாது. முதலாளி வீட்டு உறவுமுறையை ஆராயட்டும். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது, லைசென்ஸ் எந்த மருமகன் பேரில் இருக்கிறது, அச்சாபீஸ் யாருடையது, காகிதம் விற்பவர் யார் சம்பந்தி என்று ஒரு வம்சப் படம் போடட்டும். மேலே இருப்பவர்களை ஆராயுங்கள் என்று லாரா நேடர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1972லேயே எழுதிவிட்டார். சிவகாசியில் அதற்கு இடமா இல்லை? எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து தெருவில் வாசிக்கட்டும். தப்பு இருந்தால் நமது பெண்கள் திருத்துவார்கள்.

2027 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப் போவதாக 2025இல் மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. கேட்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வேலை என்ன என்ற கேள்வி வரும்போது ஆண்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அட்டை ஒட்டுகிறேன், திரி வைக்கிறேன், களையெடுக்கிறேன், வருஷத்தில் இத்தனை மாதம் வேலை இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லட்டும். அதை அப்படியே எழுதினார்களா என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 'சும்மா இருக்கிறார்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.